ஓட்டை அகப்பைத் துரைக்கு மேட்டுத்தெருவில் விருந்து

செந்நாவலூர் தாலுக்கா ஆபீசைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிய அன்று, எந்தக் காலத்திலோ சாவி தொலைந்துபோன வெள்ளைக்காரன் காலத்து அலமாரி ஒன்றை பியூன் கோதண்டம் கடப்பாரையால் நெம்பித் திறக்க, உள்ளே அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து கிராட்வெல் துரை இறங்கி வந்து, கறுப்புக் கோட்டிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, உணவு எத்தனை மணிக்கு என்று கேட்டார். கோதண்டத்துக்கு அன்றைக்கு இடுப்பு வலி. மத்தியானச் சாப்பாடு முடிந்துபோயிற்று, நாலு மணிக்கு டீ வரும், அதுவரைக்கும் அந்த பெஞ்சில் உட்காருங்க என்று சொல்லிவிட்டு அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார். துரையும் போய் உட்கார்ந்தார்.

யார் இந்தத் துரை என்று கேட்டால் செந்நாவலூரில் கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் தெரியும். நூற்று நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், தாது வருஷப் பஞ்சத்தில், ஏரி வறண்டு வெடித்து, மாடு செத்து, புளியங்கொட்டையை இடித்துத் தின்று அதுவும் தீர்ந்து, சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் சட்டியும் பிள்ளையுமாய் இந்த ஊரில் வந்து விழுந்தபோது, சர்க்கார் திறந்த கஞ்சித்தொட்டிக்கு அதிகாரியாக வந்தவர் இவர். வந்தவர் என்ன செய்தார்? கஞ்சி ஊற்றுகிற அகப்பையின் அடியில் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை போடச் சொன்னார். கூட்டம் முண்டியடிக்கக் கூடாது என்று பானைக்கும் வரிசைக்கும் நடுவில் பத்தடி இடைவெளி விடச் சொன்னார். மொண்ட கஞ்சி அந்தப் பத்தடியைக் கடந்து ஏந்தின சட்டிக்கு வந்து சேருவதற்குள் பாதி ஒழுகிப்போகும். ஒழுகினதைப் பிடிக்க நீளமாய் ஒரு மரத்தொட்டி, அதில் விழுந்தது திரும்பப் பானைக்கே. பத்தாது என்று யாராவது வாயைத் திறந்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், அதற்கும் எழுத்து மூலம் உத்தரவு. கடைசிக்குப் போனவன் மறுபடி பானைக்கு நேராக வருவதற்குள் பானை காலியாகியிருக்கும். இப்படி மூன்று மாசம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை ஊருக்கு மேற்கே மேட்டில் குழி தோண்டிப் புதைத்தார்கள். துரை கப்பலேறும் முன் எழுதிவைத்த அறிக்கையில், இந்த முகாமில் பசியால் எவரும் இறக்கவில்லை, வழங்கப்பட்ட கஞ்சி ஒரு நபருக்குப் போதுமானதாக இருந்தது என்று இரண்டே வரி. நெஞ்சில் ஈரமுள்ளவன் எழுதுகிற வரியா அது?

அப்பேர்ப்பட்ட ஆள் திரும்பி வந்திருக்கிறார் என்றால் ஊர் என்ன செய்திருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். செந்நாவலூர் செய்ததைக் கேளுங்கள். அன்று சாயங்காலமே சேர்மன் ஜெயவேலு ரோஜாமாலையோடு வந்து, துரையைத் தன் காரில் ஏற்றிக்கொண்டுபோய் பயணியர் மாளிகையில் முன்பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். முதல் வாரம் அவரைக் கண்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியவர்கள், இரண்டாவது வாரம் அதே பிள்ளைகளை அவர் மடியில் உட்காரவைத்து போட்டோ எடுத்தார்கள், மூன்றாவது வாரம் அந்த போட்டோவைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். வெள்ளைத் தோலைக் கண்டால் நம்ம ஜனத்துக்கு வாய் தானாக இளித்துக்கொள்கிறதே, அதற்கு இன்னும் ஒரு மருந்து கண்டுபிடிக்கவில்லை. கோட்டு கசங்கியிருக்கிறது என்று பஜார் டெய்லர் புதுசு தைத்துக் கொடுத்தார். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு அவர்தான் தலைமை. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் துரையின் கை தானாகப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடும், அது உத்தியோக காலத்துப் பழக்கம்; நடத்தைச் சான்றிதழில் போட்டார், கோயில் நோட்டீசில் போட்டார், ஒரு கல்யாணப் பத்திரிகையில்கூடப் போட்டார்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு வீட்டில் விருந்து. அதற்கு சேர்மன் வார்டு வாரியாக முறை போட்டுக் கொடுத்திருந்தார். துரை வந்து உட்காருவார், சாப்பிடுவார், சாப்பிடுவார், சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், போதும் என்கிற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. ரைஸ்மில்காரர் வீட்டில் இருபத்தாறு இட்லி இறங்கியது. பஸ் முதலாளி வீட்டில் ஒரு தேக்சா பிரியாணியை ஒற்றை ஆளாய்க் காலி செய்துவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில்தான் அதிகம் சாப்பிட்டார் என்று அவரவர் பீற்றிக்கொண்டார்கள். சாப்பாட்டின்போது என்ன பேசினார்கள் என்கிறீர்களா? சீமையில் குளிர் எப்படி, ராணியம்மாவைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா, என் பையனுக்கு விசா கிடைக்க வழி உண்டா, இதுதான் பேச்சு. துரை தமிழில் பரீட்சை எழுதித் தேறியவர், எல்லாவற்றுக்கும் சுத்தமான ஏட்டுத் தமிழில் பதில் சொல்வார். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் மெல்ல அகப்பையைப் பற்றி வாயெடுத்தபோது, சாப்பிடுகிற நேரத்தில் அதையெல்லாம் எதற்குக் கிளறுகிறீர்கள் என்று வீட்டுக்காரர்கள் அவர் இலையில் ஒரு லட்டை வைத்து வாயை அடைத்தார்கள்.

அமராவதிக்குத்தான் வயிறு எரிந்தது. அமராவதி மேட்டுத்தெருக்காரி, ஒன்றியப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வருஷமாய்த் தினமும் இருநூறு பிள்ளைகளுக்கு அள்ளிப்போட்ட கை. தட்டை நீட்டுகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தே காலையில் தின்றதா, தின்னாமல் வந்ததா என்று கண்டுபிடித்துவிடுவாள்; தின்னாமல் வந்த தட்டில் இரண்டாவது கரண்டி கேட்காமலே விழும். அவள் வாய்க்கு ஹெட்மாஸ்டரே ஒதுங்கிப் போவார். ரைஸ்மில் வீட்டு இருபத்தாறு இட்லிக் கதையை யாரோ சந்தோஷமாய்ச் சொல்லப்போக, கையிலிருந்த முட்டைத் தட்டைத் தொம்மென்று வைத்துவிட்டு, அந்த இருபத்தாறையும் எவன் வாயிலிருந்து பிடுங்கித் துன்றான்னு கேட்டியா என்றாள்.

அவள் கோபத்துக்கு வம்சக் காரணம் உண்டு. அந்த ஓட்டை அகப்பையைப் பிடித்துக் கஞ்சி ஊற்றியவள் பூவாயி என்கிறவள், அமராவதிக்கு ஐந்து தலைமுறைக்கு முந்தியவள். ஊற்றமாட்டேன் என்றால் அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் கிடைக்கிற அரை அகப்பையும் போய்விடும், அதனால் ஊற்றினாள். பத்தடி நடந்து நடந்து ஊற்றினாள். யார் சட்டியை ஏந்தினாலும் பேரைக் கேட்டு வைத்துக்கொண்டாள். மறுநாள் அந்த இடத்தில் ஆள் இல்லையென்றால் அந்தப் பேரை மனசுக்குள் தனியாக வைத்துக்கொண்டாள். தொட்டியை மூடின அன்று அகப்பையை மடியில் கட்டிக்கொண்டு வந்து, தெருப் பொம்பளைகளை உட்காரவைத்து, வரிசை மாறாமல் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் மனப்பாடம் பண்ணவைத்தாள். அதிலிருந்து மேட்டுத்தெருவில் ஆடி மூன்றாம் ஞாயிறு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முதல் பானை மேட்டுக்குத்தான் போகும். ஓட்டை அகப்பையில் மொண்டு, பத்தடி நடந்து, ஒரு பேரைச் சொல்லி மண்ணில் ஊற்றுவார்கள், திரும்பிப் போய் அடுத்த பேர். குட்டியம்மாள், குட்டியம்மாள் மகன் பேர் வைக்காதது, சடையன், நொண்டி வீரப்பன், வீரப்பன் பொண்டாட்டி தாயாரு என்று அது போய்க்கொண்டே இருக்கும். ஒரு பேர் விட்டுப்போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த மேட்டில்தான் புது பஸ் ஸ்டாண்டு கட்டப்போகிறார்கள். அங்கே ஒரு கல்லாவது நட விடுங்க, இல்லையென்றால் இடத்தையாவது விட்டுவிடுங்க என்று அமராவதி ஏழு வருஷத்தில் ஏழு மனு கொடுத்திருக்கிறாள். ஏழுக்கும் ஒரே பதில், பதிவேடுகளின்படி மேற்படி இடத்தில் பசியால் எவரும் இறந்ததாகத் தெரியவில்லை. கடைசித் தடவை தாசில்தார் அம்மா, நல்ல மனுஷி, இவள் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, நான் என்னம்மா பண்ணட்டும், எழுதினவரே வந்து மாத்தி எழுதினால்தான் உண்டு, ஒரு வரி மாறினால் போதும், வேலையை நிறுத்த நான் ஆச்சு என்று சொல்லியிருந்தார். இப்போது எழுதினவர் வந்து இட்லி தின்றுகொண்டிருக்கிறார். சேர்மனோ ஒரு படி மேலே போய், ஆடி மூன்றாம் ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை துரையின் கையாலேயே அடிக்கல் நாட்டுவது என்றும், கிராட்வெல் துரை பேருந்து நிலையம் என்று பேர் வைப்பது என்றும் போஸ்டர் அடித்து ஊர் முழுக்க ஒட்டிவிட்டார். செத்தவர்கள் நெஞ்சின் மேல், கொன்றவன் பேரை எழுதிவைத்து, அதன் கீழே பஸ் நிறுத்துவார்களாம்! அமராவதி அந்த போஸ்டருக்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் நின்றாள். பிறகு நேராகப் பயணியர் மாளிகைக்குப் போய், ஞாயித்துக்கிழமை எங்க தெருவுல கூழ் ஊத்துறோம், சாப்பிட வாங்க தொர என்று துரையைக் கூப்பிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து சேர்மன் வீட்டு முறை. விஷயம் கேள்விப்பட்டு அவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். கோழியும் காடையும் சொல்லியாயிற்றே, துரை போய்க் கூழ் குடிப்பதா என்றார். ஆத்தா கூழுக்குக் கூப்பிட்ட ஆளைத் தடுத்தால் உங்க வீட்டில்தான் அம்மை போடும், அப்புறம் உங்க இஷ்டம் என்றாள் அமராவதி. சேர்மன் ஜெயவேலு எலெக்‌ஷனுக்குப் பயப்படுகிறவர், கோர்ட்டுக்குப் பயப்படுகிறவர், எல்லாவற்றுக்கும் மேலே மாரியாத்தாளுக்குப் பயப்படுகிறவர். சரி, கூழைக் குடித்துவிட்டு வரட்டும், கோழியை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். அமராவதி அங்கிருந்து தாலுக்கா ஆபீசுக்குப் போய் தாசில்தார் அம்மாவையும் அழைத்தாள். வரும்போது வெறும் கையோடு வராதீங்கம்மா, ஆபீஸ் காகிதமும் முத்திரையும் எடுத்துட்டு வாங்க என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு, வெயில் தாழ்ந்த பிறகு, மேட்டில் பானையை ஏற்றினார்கள். ஆத்தாளுக்குக் கெட்டிக் கூழ் தனியாய் இருந்தது. இது வேறு, கஞ்சித்தொட்டியில் ஊற்றின பதம், முகம் தெரிகிற மாதிரி தண்ணீராய்க் கரைத்தது. பானையிலிருந்து பத்தடி அளந்து கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பலகையும் ஒரு மண்சட்டியும் வைத்திருந்தார்கள். துரை கோட்டு போட்டுக்கொண்டு வந்து பலகையில் உட்கார்ந்தார். சேர்மன், தாசில்தார் அம்மா, போட்டோக்காரர், பியூன் கோதண்டம், பாதி ஊர், எல்லாம் சுற்றி நின்றார்கள்.

அமராவதி அகப்பையை எடுத்துக்கொண்டு துரைக்கு எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பசிக்குதா என்று கேட்டாள்.

"ஆம் அம்மணி. இவ்வூருக்கு வந்த நாள் முதலாக என் பசி தணியவில்லை."

"வயிறு முட்டத்தானே எல்லாரும் போட்டாங்க?"

"போட்டார்கள். உள்ளே போவது எல்லாம் எங்கேயோ ஒழுகிவிடுகிறது."

அமராவதி அகப்பையை நீட்டினாள். துரை அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்துபோனார்; தொலைந்துபோன மோதிரம் கிடைத்தவர் மாதிரி இருந்தது அவர் சந்தோஷம். இது தன்னுடைய சொந்த யோசனை என்றார். ஒரு துளியும் வீணாகாத ஏற்பாடு, ஒழுகியது அத்தனையும் பானைக்கே திரும்பியது, மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது என்றார். ஒரு ஆளுக்கு இது போதும் என்று எப்படித் தெரியும் என்று அமராவதி கேட்டாள். தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தோம் என்றார். யார் வயிற்றில் ஊற்றி என்று கேட்டாள். வயிற்றில் அல்ல, சட்டியில் என்றார்.

"நீங்க ஒரு நாளாச்சும் குடிச்சுப் பாத்தீங்களா?"

"அது என் உத்தியோகத்தில் அடங்காது, அம்மணி."

அமராவதிக்கு அப்படியே அந்த அகப்பையால் மண்டையில் ஒன்று போட்டால் என்ன என்று தோன்றியதாம், பின்னால் அவளே சொன்னாள். போடவில்லை. அகப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து பானைக்குப் போய், சரி, முறைப்படி ஊத்துவோம், உங்களுக்கு முன்னாடி நிக்கிறவங்க இருக்காங்க என்று சொல்லிவிட்டு, மொண்டாள், பத்தடி நடந்தாள், குட்டியம்மாள் என்று சொல்லி மண்ணில் ஊற்றினாள். தெருப் பொம்பளைகள் ஒருத்தி மாற்றி ஒருத்தி அகப்பையை வாங்கிக்கொண்டார்கள். சடையன், நொண்டி வீரப்பன், தாயாரு. ஐம்பது பேர் ஆனது, நூறு பேர் ஆனது. துரை ஒவ்வொரு அகப்பையும் தன் சட்டியை நோக்கி ஒழுகிக்கொண்டே வருவதையும், தனக்கு வராமல் மண்ணுக்குப் போவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நூற்று எண்பதாவது பேரில் தொண்டையைச் செருமி, இப்பெயர்கள் எவையும் என் பதிவேட்டில் இல்லையே என்றார். தெரியும், அதனாலதான் நாங்க வெச்சிருக்கோம் என்றாள் அமராவதி. சேர்மன் வாட்சைப் பார்த்துக்கொண்டு நெளிந்தார். இருநூறைத் தாண்டியபோது சுற்றி நின்ற கூட்டத்தில் சிலர் தங்கள் வம்சத்துப் பேர் வருவதைக் கேட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ரைஸ்மில்காரர் பொண்டாட்டி, இருபத்தாறு இட்லி சுட்டவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஏழு மணிக்குச் சரியாக முந்நூற்றுப் பன்னிரண்டாவது பேர் முடிந்தது. அது பூவாயியின் மூத்த பிள்ளை. அரை அகப்பை அவனுக்கும் போதவில்லை.

அமராவதி கடைசியாய் ஒரு தரம் மொண்டாள். துரை சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். அவள் அவசரப்படாமல் நடந்தாள், பூவாயி நடந்த நடை, பத்தடி. சட்டியில் விழுந்தது மூன்று வாய்க்கு வரும். துரை அதை ஒரே மடக்கில் குடித்தார், சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து நாக்கில் சொட்டவிட்டார், விரலால் வழித்து நக்கினார், பிறகு சட்டியை மறுபடி நீட்டினார்.

"இது போதாது," என்றார்.

துரைக்கே தான் சொன்னது அப்புறம்தான் காதில் விழுந்த மாதிரி இருந்தது. நீட்டிய சட்டி நீட்டியபடி நின்றது. அமராவதி திரும்பிப் பார்க்கவில்லை. தாசில்தாரம்மா, எழுதிக்கோங்க என்றாள். தாசில்தார் அம்மா காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, மேற்படி முகாமில் வழங்கப்பட்ட கஞ்சியை மேற்படி அகப்பையால் அளந்து உண்டு பார்த்ததில் இது போதாது என்று அறிகிறேன் என்று எழுதிக்கொண்டுவந்து நீட்டினார். துரை ஒவ்வொரு எழுத்தாக முழுசும் படித்தார். அத்தனை நாளும் தானாக ஓடிய கை அன்றைக்கு ஓடவில்லை. வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் போட்டார். தாசில்தார் அம்மா முத்திரை குத்தினார்.

"அம்மணி, இன்னும் ஓர் அகப்பை," என்று துரை சட்டியை நீட்டினார்.

அமராவதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரல் ஏறவில்லை, தட்டேந்தின பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல்.

"பத்தாதுன்னு சொன்னவங்க வரிசையில கடைசிக்குப் போவணும் தொர. நீங்க போட்ட உத்தரவுதான்."

துரை அந்த உத்தரவை அடையாளம் கண்டுகொண்டார், அது முகத்தில் தெரிந்தது. வரிசை எங்கே என்று கேட்கவில்லை. சட்டியோடு மேட்டைச் சுற்றி நடந்து, கஞ்சி ஊற்றி ஈரமான மண்ணையெல்லாம் மிதிக்காமல் தாண்டிப் போய், மேற்கு எல்லையில், வேலிக்காத்தான் புதருக்குப் பக்கத்தில், முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பின்னால் போய் நின்றார். சேர்மன் வீட்டுக் காடையும் கோழியும் அன்றைக்கு வீணாய்ப் போயின.

மறுநாள் அடிக்கல் நாட்டவில்லை. பஸ் ஸ்டாண்டு பைபாஸ் பக்கம் போய்விட்டது, பேரும் வெறும் பேருந்து நிலையம்தான். மேட்டில் கல் நட்டாயிற்று. அதில் என்ன பொறிப்பது என்று பெரிய மனிதர்கள் மூன்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். அமராவதி மூன்றிலும் போய் ஒரே பிடியாய் நின்று, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் வரிசை மாறாமல் போட்டு, அடியில் 'இது போதாது' என்கிற அந்த ஒரு வரியையும் துரையின் கையெழுத்தையும் மட்டும் பொறிக்கவைத்தாள். ஓட்டை அகப்பையைக் கல்லுக்கு அடியில் புதைத்தார்கள். இப்போது ஆடி மூன்றாம் ஞாயிறுகளில் முறை வேறு. வருஷத்துக்கு ஒரு பேர், அந்தப் பேருக்கு ஒரு முழுப் பானை. அந்தப் பேரைச் சொல்லி வந்தவர் போனவர் எல்லோருக்கும் வயிறு நிறைய ஊற்றுகிறார்கள். ஒரு பேர் முடிந்தால் துரை ஓரடி முன்னால் நகர்கிறார்.

ஊர் அதற்கும் பழகிவிட்டது. மாடு மேய்க்கிறவர்கள் அவர் மேல் குடையைச் சாத்தி வைக்கிறார்கள். ஐப்பசி மழையில் சேர்மன் ஒருநாள் மனசு கேட்காமல் சத்துணவுக்கூடத்துக்கு வந்து, பாவம்மா, தொப்பலா நனைஞ்சிக்கினு நிக்கிறாரு, ஒரு வாய் ஏதாச்சும் கொடுத்து அனுப்பிடலாமே என்று இழுத்தார். அமராவதி அடுப்பிலிருந்து சோற்றை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அவரு முறை வரும்போது எங்க தெருவுல எவளாச்சும் ஒருத்தி இருப்பா," என்றாள். "ஓட்டையில்லாத அகப்பையில, சட்டி நிறைய ஊத்துவா. நாங்க ஒண்ணும் அவரு இல்ல."

போன ஆடியில் குட்டியம்மாளுக்கு ஊற்றினார்கள். துரை ஓரடி நகர்ந்தார். இனி முந்நூற்றுப் பதினொன்று.